பந்தல்காரர் வீட்டு ஐஸ் பெட்டி

தங்கமுத்து மாமா இறந்தபோது அவருடைய ஐஸ் பெட்டியை அணைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஆலங்குடி சாலையில் எங்கள் ஊருக்குத் திரும்பும் விலக்கை ஒட்டி அவருடைய வீடு. பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், டியூப் லைட், இறந்தவர்களை வைக்கும் ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். நாற்காலிகள் கல்யாண வீட்டுக்கும் போகும், சாவு வீட்டுக்கும் போகும். பெட்டி மட்டும் ஒரே வகை வீட்டுக்குத்தான் போகும். உடலை எடுத்துக்கொண்டு ஆண்கள் காட்டுக்குக் கிளம்பியதும், பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்குவதற்குள் மாமா உள்ளே போவார். சுவிட்சை அணைத்து, வயரைச் சுருட்டி, கண்ணாடி மூடியைத் தூக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். உள்ளே படிந்த பனி உருகிக் குழாய் வழியாக வாளியில் இறங்கும்வரை நிற்பார். மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து வேனில் ஏற்றுவார். கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். சாவு வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று யாருமே சொல்வதில்லை. பெட்டிக்காரர் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

மாசியில் ஒரு காலை, நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மகள் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டியிருந்ததால் அவரை அவருடைய பெட்டியிலேயே வைத்தார்கள். மறுநாள் எடுத்தார்கள். பெண்கள் வீட்டைக் கழுவினார்கள், பெட்டியைச் சுற்றிக் கழுவினார்கள். மற்ற வீடுகளில் பெட்டி எப்போதும் தானாகப் போய்விடும். அதை எடுக்கிறவர் யார் என்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை. மாமாவின் மனைவி ராஜலட்சுமி அத்தை தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அத்தையும் அதை அணைக்கவில்லை. சித்திரை வந்தும் அணைக்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் என் மாலை வகுப்பு. பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்குப் படித்துக்கொண்டே தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுக்கிறேன். இடம் இல்லாமல் இருந்தபோது தங்கமுத்து மாமாதான் தன் நாற்காலிக் கொட்டகையைக் கொடுத்தார். தகரக் கூரை, ஆளுயரத்துக்கு அடுக்கிய நாற்காலிகள், ஒரு ஃபேன். அவர் போன பிறகும் அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் பெட்டி உறுமும். சற்று நிற்கும். மறுபடியும் உறுமும். நின்றிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

சித்திரையில் நடத்தியது ஆறாம் வகுப்பு அறிவியல்: மீள் மாற்றம், மீளா மாற்றம். எந்தச் சோதனையையும் முந்தின நாள் வீட்டில் செய்து பார்க்காமல் நான் பிள்ளைகள் முன் செய்வதில்லை. செய்து பார்த்தாலும் சந்தேகம் போகாது. மெழுகு உருகியது, இறுகியது. காகிதம் எரிந்தது, கரியாகவே இருந்தது. நெய்தான் மானத்தை வாங்கியது. உருக்கத் தேவையே இல்லாமல் உருகிக் கிடந்தது. அந்த வெயிலில் அதை உறைய வைக்க வழியில்லை.

“அத்தை, ஃப்ரிட்ஜுல ஐஸ் இருக்குமா?” என்று கேட்டேன்.

கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். சமையல்கட்டில் எல்லோர் வீட்டிலும் இருப்பது மாதிரியான சின்ன ஃப்ரிட்ஜ்தான் அது. நெய்க் கிண்ணத்தை ஐஸ் நடுவில் வைத்தேன்.

“டீச்சர், வெந்த முட்டைய இதுல வச்சா பச்ச முட்டையாயிருமா?” என்றான் செம்மல்.

“வச்சுப் பாரேன். ஒங்கம்மா ஒன்னய வேக வச்சிரும்” என்றாள் எதிர்த் தெருக் கார்த்திகாவின் மகள். எல்லோரும் சிரித்தார்கள். அவளே கையை நீட்டி ஒரு துண்டு ஐஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஏய், அது பெட்டி ஐஸுடி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அவள் துப்பினாள். சிரிப்பு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல் மட்டும் கேட்டது. அப்புறம் இரண்டு பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஃப்ரிட்ஜ் ஐஸ்தான் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

மறுநாள் கார்த்திகா வந்தாள். புருசன் நிலவழகன் குவைத்தில் இருக்கிறான். மாமியார் முத்துமாரியம்மாளோடு முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே பேசினாள்.

“பாடஞ் சொல்லிக் குடுக்க இந்த ஊர்ல வேற எடமே கெடைக்கலையா டீச்சர்? பொண ஐஸ எடுத்து பச்சப் புள்ளைக்குத் திங்கக் குடுப்பாகளா? ராத்திரி பூரா வாந்தி.”

“கார்த்திகாக்கா, அது சமையக்கட்டு ஃப்ரிட்ஜுல எடுத்தது.”

“என்ன ஃப்ரிட்ஜோ. உள்ள அந்த மனுசன் இன்னமும் படுத்துருக்காருன்னு ஊரே சொல்லுது. ஆளு இல்லாம எதுக்கு ஓடுது? நீங்க படிச்சவுக, சொல்லுங்க.”

அத்தை உள்ளே இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

அன்று வகுப்புக்கு வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சீக்கிரமே முடித்துவிட்டு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அத்தை கூப்பிட்டார்.

“டீச்சர் புள்ள, இங்கிட்டு வா. நீயும் பாத்துக்க. உள்ள ஆளு இல்லன்னு நாளைக்கு அவளுகளுக்குச் சாட்சி சொல்லணுமில்ல.”

நடு அறையில் பெட்டி இருந்தது. மேலே கம்பளி போர்த்தியிருந்தது. மின்வாரியம் மாதம் ஒருநாள் கரண்டை நிறுத்தும்போது குளிர் வெளியே போகாமல் இருக்கப் போர்த்தியது, அப்புறம் எடுக்கவில்லை என்றார். கம்பளியை விலக்கி, கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தார்.

முதலில் வெள்ளை தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு வெள்ளைக்குள் ஒரு பள்ளம் தெரிந்தது. நீளமாக, ஒரு முனையில் உருண்டை, அதற்குக் கீழே விரிந்து, போகப் போக ஒடுங்கியது. அவரை விரிப்போடு தூக்கியபோது சுற்றிலும் பனி ஏறியிருக்கிறது, அவர் கிடந்த இடத்தில் ஏறவில்லை. அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“மொதல்ல தகடு பளபளன்னு தெரிஞ்சுச்சு. தோளு எது, கட்டின காலு எதுன்னு அப்புடியே தெரியும்” என்றார் அத்தை. “இப்பக் காலு மூடிருச்சு. இடுப்பும் மூடிக்கிட்டு வருது. தலமாடுதான் பாக்கி. நான் நிறுத்தாமத்தான ஓட்டுறேன், பெறகு ஏன் மூடுது?”

“காத்துல ஈரம் இருக்கும் அத்தை. மூடியத் தொறக்கும்போது உள்ள போகும். அது போய்ப் பனியாப் படியும்.”

“தொறக்காட்டி?”

“மெதுவா மூடும். இடுக்கு வழியா எப்படியும் கொஞ்சம் போகும்.”

“நான் தெனமும் தொறக்குறேன். நெத்திய மட்டும் தொட்டுட்டு மூடிருவேன்.” கண்ணாடியில் கையை வைத்தார். “அப்ப நான் பாக்கப் பாக்கத்தான் மூடுதா? பாக்காமயே வச்சுக்கிறணுமா இதை?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இல்லாவிட்டால் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். வேறு எப்படி என்பது இன்றைக்கும் தெரியவில்லை.

மகன் திருமுருகன் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இந்தப் புள்ளைக்கும் காட்டியாச்சா? நல்லாருக்கு. எத்தன பேரு கேட்டு ஆளனுப்புறாக தெரியுமா? அப்பா இருந்தா இப்புடிப் பூட்டி வச்சிருப்பாரா?”

“அப்பா இருந்தா நான் ஏன்டா பூட்டி வைக்கிறேன்?”

அவன் கொல்லைப் பக்கம் போய்விட்டான். அத்தை கம்பளியை இழுத்து மூடினார்.

“உருகினது திரும்ப உறையும்னு புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தியே. பொஸ்தகத்துலயே இருக்கா?”

“இருக்கு அத்தை.”

“அது போதும்” என்றார். எது போதும் என்று நான் கேட்கவில்லை. மாசியிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை, நானும் சொல்வதில்லை. அன்றும் சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே கத்திரி வெயில் போல ஏறிவிட்டது. முந்திரிக் கொட்டை வறுக்கும் புகை தெருவை விட்டு நகராமல் நின்றது. தோப்பில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த முத்துமாரியம்மாள் மயங்கி விழுந்தார். தூக்கி வந்து கட்டிலில் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். உப்புத் தொட்ட முந்திரிப்பழம் ஒன்று கடித்தபடியே கையில் இருந்ததாம். கண் திறக்கவில்லை.

நிலவழகனுக்குக் கிடைத்த விமானம் மறுநாள் மதியம்தான் திருச்சியில் இறங்கும். ஆலங்குடியில் இருந்த பெட்டிகள் வேறு சாவுகளுக்குப் போயிருந்தன. திருக்கோகர்ணத்தில் கேட்டார்கள், அங்கும் இல்லை. அந்த வெயிலில் ஊருக்கு ஊர் பந்தல். “பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துருவோம், பையன் வந்து பாலு தெளிக்கட்டும்” என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

நான் கொட்டகையில் பெருக்கிக்கொண்டிருந்தேன். கார்த்திகா தலையை அள்ளி முடியாமல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். சாவு வீட்டுத் தீட்டோடு அடுத்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. அத்தை வாசலுக்குப் போனார்.

“அத்தை. பெட்டி வேணும்.”

அத்தை வாசற்படியிலேயே நின்றார்.

“நான் எடுத்தாறேன் மதினி, நீங்க போங்க” என்று திருமுருகன் உள்ளே திரும்பினான்.

“தொட்டுப் பாரு” என்றார் அத்தை. அவன் நின்றான். அத்தை கார்த்திகாவைப் பார்த்தார். “பொண ஐஸுன்னு சொன்னவ நீதான?”

“சொன்னேன்த்தை. இதே எடத்துல நின்னுதான் சொன்னேன். அதுக்கு என்னய ரெண்டு அறை அறைங்க, வாங்கிக்கிறேன். ஆனா அவுக வந்து மொகம் பாக்கணும். போன தடவ பஸ் ஏறும்போது ஆத்தா தோப்புல நின்னுச்சாம். கையத் தூக்கிச்சாம். பஸ்ஸுக்குள்ள கூட்டம், இவுக திருப்பித் தூக்கலையாம். போன்ல அதையே சொல்லிச் சொல்லி அழுகுறாக.”

அத்தை தெருவைப் பார்த்தார். எதிர்த் தெருவில் ஒப்பாரி கேட்டது.

“அக்காவுக்குக் காலு கட்டியாச்சா?”

“கட்டியாச்சுத்தை.”

“நெழல்ல கெடத்துங்க. ஃபேன தலமாட்டுல வையி. போ.”

அவள் போனதும் அத்தை உள்ளே நடந்தார். “டீச்சர் புள்ள, நீயும் வா.”

கம்பளியை எடுத்துத் தரையில் போட்டார். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“திரும்ப வருமா?”

“தண்ணி திரும்ப ஐஸாகும் அத்தை.”

“நான் தண்ணியக் கேக்கல.”

பிள்ளைகளிடம் சொல்லும்போது அந்த வார்த்தை எளிதாக இருந்தது. மெழுகைக் காட்டி இது மீளும், காகிதத்தைக் காட்டி இது மீளாது என்று சொன்னேன். இப்போது எதைக் காட்டுவது? கண்ணாடிக்குள் தலையணை அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் மிச்சமிருந்தது.

“வராது அத்தை” என்றேன்.

“சரி.”

சுவிட்ச் சொடுக்கியது. மாசியிலிருந்து அந்த வீட்டில் விட்டு விட்டு உறுமிக்கொண்டிருந்த சத்தம் ஒரேயடியாக நின்றது. சமையல்கட்டில் குழாய் சொட்டுவது கேட்டது. சுவரில் கடிகாரம் ஒன்று ஓடுவது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தை மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை எழுந்து அவருடைய இடுப்பைச் சுற்றி இறங்கியது. குனிந்து, தலை இருந்த இடத்தைச் சுற்றியிருந்த பனியை விரல்களால் சுரண்டி ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டார். டம்ளர் நிறைந்ததும் முந்தானையால் மூடி என்னிடம் கொடுத்தார்.

“ஃப்ரிட்ஜுல மேல ஐஸ் தட்டுல வையி.”

திருமுருகன் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். “அம்மா, அவசரமில்ல. தானா உருகட்டும். அரமணி நேரந்தான்.”

“அங்க அக்கா வெக்கையில கெடக்கு. வெந்நி போட்டுக் கொண்டா.”

அவன் அசையவில்லை. அத்தையே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். வெந்நீர்க் குண்டானை இடுப்பில் தாங்கி வந்து கால் பக்கத்திலிருந்து ஊற்றினார். பனி பாளம் பாளமாகப் பிளந்து சரிந்தது. தலைப் பக்கம் வந்ததும் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். தண்ணீர் குழாய் வழியாக வாளிக்குள் தடதடவென்று விழுந்தது. பிறகு மஞ்சள் தண்ணீரில் துணியைப் பிழிந்து, நான்கு மூலையும் உள்விளிம்பும் விடாமல் துடைத்தார். மாமா துடைப்பதைப் பலமுறை பார்த்தவர்தான். வாளித் தண்ணீரைத் தென்னை மரத்தடியில் ஊற்றினார்.

“இப்பத் தூக்கு” என்றார் மகனிடம். அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு தூக்கினான்.

மறுநாள் நிலவழகன் வந்து முகம் பார்த்தான். இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தான் என்றார்கள். அன்று வெயில் தாழ எடுத்தார்கள். திருமுருகனுக்கு அப்பாவின் நிதானம் இன்னும் வரவில்லை. காட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் வயரைப் பிடுங்கினான். மூடியைக்கூடத் திறக்காமல் பெட்டியை வேனில் ஏற்றினான். தூக்கிவிட நிலவழகனும் கூட வந்தான். மழித்த தலையில் சந்தனம், தோளில் ஈரத் துண்டு.

தீட்டு என்பதால் வீட்டுக்குள் போகாமல், கொட்டகையில் நாற்காலிகளுக்கு முன்னால் இறக்கினார்கள். அத்தை வந்து மூடியைத் திறந்தார்.

உள்ளே மெல்லிய பனி. அதில் ஓர் உருவம். சின்னது. முதுகு வளைந்தவர் என்பதால் மல்லாக்கக் கிடத்த முடியாமல் சற்று ஒருக்களித்து வைத்திருக்கிறார்கள். வளைவு அப்படியே இருந்தது.

நிலவழகன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“சின்னம்மா, வயர மாட்டுங்க.”

“ஏம்ப்பா?”

“கொஞ்ச நேரம். நான் இருக்குற வரைக்கும் ஓடட்டும். ரெண்டு வாரந்தான் லீவு.”

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். வயர் அவர் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்தார். மாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சுருட்டி மூடிமேல் வைத்தார். அடுக்கிலிருந்து இரண்டு நாற்காலிகளை உருவி பெட்டிக்கு இரண்டு பக்கமும் போட்டார்.

“உக்காரு. போட்டு வச்சாலும் மூடிக்கிரும்ப்பா. நான் வச்சுப் பாத்துட்டேன். உருகுற வரைக்கும் உக்காந்து பாத்துட்டுப் போ. ஒங்க சித்தப்பா இப்புடித்தான் ஒவ்வொருத்தருக்கும் நிப்பாரு.”

அவன் போனை எடுத்துப் படம் பிடித்தான். திரையில் தகரக் கூரையின் வெளிச்சமும் அவனுடைய நிழலும் விழுந்தன, வேறெதுவும் இல்லை. மறுபடியும் எடுத்தான். போனை வைத்துவிட்டான். விளிம்பில் பனி கண்ணாடியாகி நீர்க்கோடு இறங்கத் தொடங்கியது.

“இந்தத் தண்ணியப் புடிச்சு வச்சுத் திரும்ப ஐஸு போட்டா?”

அத்தை எழுந்து உள்ளே போனார். டம்ளரோடு வந்தார். உள்ளங்கைச் சூட்டில் அதைச் சற்று நேரம் பிடித்திருந்து கவிழ்த்தார். ஐஸ் வழுக்கிக் கையில் விழுந்தது. மேலே அகன்று, கீழே குறுகி, அடியில் டம்ளரின் வட்டக் கோடு பதிந்திருந்தது.

“நானும் போட்டுப் பாத்தேன்” என்றார். “ஐஸு ஆயிருச்சு. டம்ளராத்தான் ஆயிருக்கு.”

நிலவழகன் அதையே பார்த்தான். சிரிப்பு மாதிரி ஒன்று அவன் தொண்டையில் வந்து அழுகையாக உடைந்தது. அத்தை அந்த ஐஸைப் பெட்டிக்குள், முத்துமாரியம்மாளின் தலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவன் அழுது முடிக்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வளைவு முதலில் போனது. டம்ளர் ஐஸ் கொஞ்ச நேரம் தகட்டில் வழுக்கிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் போனது. எது யாருடைய தண்ணீர் என்று பிரிக்க முடியாமல் எல்லாம் குழாயில் இறங்கியது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வெளியே நின்றார்கள். கார்த்திகாவின் மகளைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் வீட்டில் அம்மாவோடு இருந்தாள். செம்மல் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று மற்றவர்களிடம் சொன்னான்.

அத்தை மஞ்சள் துணியால் துடைத்து முடித்தார். நிலவழகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். கேட் வரை போனான். பழக்கத்தில் வாய் திறந்தவன், சட்டென்று நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பினான்.

“நிலவழகா” என்று கூப்பிட்டார் அத்தை. “சொல்லிட்டுப் போ. இது சாவு வீடு இல்ல.”

அவன் கேட்டைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான்.

“போயிட்டு வாரேன் சின்னம்மா.”

“போயிட்டு வா.”

வாளியைத் தூக்கிக்கொண்டு அத்தை தென்னை மரத்தை நோக்கி நடந்தார்.